நாளைக்குக் காலையில மருந்து

பெட்டிக்காரி என்றால்தான் அவளை எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு அந்தப் பெயர் ஆகாது. "நான் என்ன சவப்பெட்டியா செய்யறேன்?" என்று சண்டைக்கு வருவாள். வளர்ப்பது தேனீ. மொத்தம் பதினான்கு பெட்டி.

பதினோரு வருஷத்துக்கு முன் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தேனீக் கூட்டம் ஒன்று கடை ஷட்டரில் வந்து அப்பிக்கொண்டது. முதலாளி மேஜைக்கு அடியில் பதுங்கினார். இவள் துணிக்கூடையில் அதை வழித்துப் போட்டு, மூடி, பஸ் ஏறிவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் கூடைக்குள் என்ன சத்தம் என்று கேட்டதற்கு, "கோழிக்குஞ்சுங்க. தொண்டை கட்டியிருக்கு" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் தர்பூசணித் தோட்டம். அந்தப் பூ விடிந்ததும் விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்து உட்கார்ந்தால்தான் பிஞ்சு பிடிக்கும். பெட்டிகள் வந்த பிறகு காய் வண்டி கொள்ளாமல் வந்தது. அண்ணியும் நாத்தனாரும் நகமும் சதையுமாக ஆனதும் அப்போதுதான்.

அவர்களுக்குள் ஒரே ஒரு ஏற்பாடு. பூச்சிக்கு மருந்து தெளிப்பதற்கு முந்தின நாளே நாத்தனார் சொல்லிவிட வேண்டும். அன்று பொழுது சாய்ந்து தேனீக்கள் அடைந்ததும், இவள் பெட்டி வாசல்களை வலை வைத்து மூடிவிடுவாள்.

அந்த முறை போனை எடுத்தது இவள் புருஷன். அவருக்கு ரத்த அழுத்தம். ஒரு வாரம் முன்பு டாக்டரிடம் கூட்டிப்போனதே இந்தத் தங்கைதான்.

"அண்ணே, நாளைக்குக் காலையில மருந்து. மறந்துடாதீங்க."

"மறப்பேனாம்மா? எல்லாம் தயாரா இருக்கு."

மறுநாள் எட்டு மணிக்குப் பெட்டிகளிடம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வழக்கமான இரைச்சல் இல்லை. வாசல் பலகைகளில் தேனீக்கள் மல்லாந்து சுழன்றுகொண்டிருந்தன. காலில் மகரந்தப் பொடி மஞ்சளாக ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தாள். அள்ள அள்ளத் தீரவில்லை.

முதுகில் தெளிப்பானோடு நாத்தனார் வேலியருகே வந்தாள்.

"அடிப் பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே அண்ணி! எல்லாம் தயார்னு அண்ணன்தானே சொன்னாரு!"

புருஷன் மாத்திரை அட்டையோடு வாசலில் நின்றார். "நீ என் மருந்தைத்தான் ஞாபகப்படுத்தறேன்னு நினைச்சேன்மா..."

யாரைத் திட்டுவது? திட்ட ஆள் கிடைக்காததுதான் அவளுக்குப் பெரிய கொடுமையாக இருந்தது.

பதினோரு பெட்டிகள் ஒரே வாரத்தில் காலி. தோட்டத்தில் பூக்கள் விரிந்தன, யாரும் வராமல் வாடின. பிடித்த ஒன்றிரண்டு பிஞ்சும் கோணலாகப் பிடித்தன. நாத்தனார் விடியலிலேயே ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தேய்த்துப் பார்த்தாள். இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். பெட்டிக்காரி சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பாள். இருபது நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இருபத்தோராம் நாள் மத்தியானம் போன் அடித்தது. இவளே எடுத்தாள்.

"அண்ணி..." அந்தப் பக்கம் நாத்தனார். "இன்னைக்குச் சாயங்காலம், அதுங்க அடைஞ்ச பிறகு, விஷம் அடிக்கப் போறேன்."

பதினோரு வருஷமாக இவளும் அதை மருந்து என்றுதான் சொல்லிவந்தாள்.

"சரிம்மா. மூடிடறேன்."

பரணில் வலைகள் பதினான்கும் அடுக்கியபடி இருந்தன. மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.