மூட்டைக்குப் போன மீன் லிஸ்ட்

இன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் இருந்தேன். முன்பு நிருபர், இப்போது மனநல ஆலோசகர், இடையில் மீனவப் பெண்களுக்காகத் தெருவில் இறங்கிப் போராடியவர். அவருடைய பழைய நோட்டுகளை ஸ்கேன் செய்யப் போயிருந்தேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. "மீன் லிஸ்ட் நோட்டு நாலையும் பழைய பேப்பர் மூட்டையில போட்டுட்டேன்க்கா" என்றேன்.

அக்காவின் முகம் மாறியது. "உள்ள படிச்சியா?"

"தலைப்பு பாத்தேன். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி."

"புருஷன் அடிச்சதை எங்கிட்ட சொன்ன பொம்பளைங்கடா அவங்க. பேரை எழுத மாட்டேன்னு வாக்கு குடுத்தேன். அதான் ஆளுக்கொரு மீன் பேரு."

வாசல் கேட்டுக்கு ஓடினேன். பழைய பேப்பர்காரர் மூட்டையைத் தராசில் மாட்டிக்கொண்டிருந்தார். நான்கையும் உருவி எடுத்து வந்தேன்.

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் அக்கா சிரித்தார். "எவன் கையிலயாவது சிக்கிடுமோன்னு இத்தனை வருஷமா பயந்தேன். இன்ஜினியர் நீயே மீன் லிஸ்ட்டுன்னு நம்பிட்டியே."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இதை இங்கே போடலாமா என்று கேட்டேன்.

"போடு. ஆனா எல்லாத்தையும் மாத்திப் போடு."

அதனால் நோட்டில் இருந்தவை மீன்களே இல்லை. அக்கா பெயரும் ஸ்டெல்லா இல்லை. வேறு என்னவாக இருக்கும் என்று கமென்டில் ஊகித்துக்கொள்ளுங்கள், நான் வாயைத் திறக்கப் போவதில்லை.