மிஞ்சிய ஒற்றை ஓடு

ஹட்டன் நகரத்துக் கண்ணாடிக்கடையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்காகக் காத்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கடைக்காரர் வில்லையைக் கல்லில் மூன்று முறை தேய்ப்பார், கழுவுவார், ஒரு கண்ணை மூடி வாசல் வெளிச்சத்தில் பார்ப்பார். என் பையில் பயறளவு ஓடு ஒன்று இருந்தது. போராமினிபெரா என்ற கடல் உயிர்வகையில் எப்போதோ அழிந்துபோன ஒன்றின் புதைபடிவ ஓடு. அது எந்தப் பேரினம் என்பதை உள்ளறைகள்தான் சொல்லும்; பாதிவரை தேய்த்தால்தான் அவை தெரியும். இரண்டை ஏற்கெனவே நொறுக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

"இதைத் தேய்ச்சுத் தருவீங்களாண்ணே?" என்று கெஞ்சினேன்.

"வேற இருக்கா?"

"இது ஒன்னுதாண்ணே."

"அப்ப நான் தொடமாட்டேன் தம்பி. நான் ஒடைச்சா காலம்பூரா என்னையத் திட்டுவீங்க. நீங்களே ஒடைச்சா ரெண்டு நாள்ல சமாதானமாயிருவீங்க."

சிரிக்காமல் சொன்னவர், கல்லை மட்டும் தாளில் சுற்றிக் கொடுத்தார். அது இரக்கமா, தப்பித்தலா, தெரியவில்லை. நாளை காலை வெளிச்சம் வந்ததும் மூன்று முறை தேய்த்து, கழுவி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கப் போகிறேன்.