குடிக்காதவரின் தள்ளாட்டம்

அந்த மாரியம்மன் காலண்டர் தாள் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அம்மனின் நெற்றிப் பொட்டு நகர்ந்து இடது புருவத்தின் மேல் ஏறியிருந்தது. சிவகாசி அச்சகம் ஒன்றில் அச்சான தாள்களைச் சரிபார்ப்பது என் வேலை. வண்ணம் மயிரிழை விலகினாலும் எனக்கு முன்பே கண்டுபிடித்து மிஷினை நிறுத்திவிடுவார் எங்கள் மிஷின்மேன் அண்ணன். அன்று அந்தத் தாளை அவரிடமே நீட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "சரியாத்தான தாயி இருக்கு" என்றார். நாக்குக் குழறியது.

அவர் ஒரு காலத்தில் குடித்தவர், ஊரறிந்த விஷயம். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டு, மனைவியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து நிறுத்தி ஏழு வருடம் ஆகியிருந்தது. அதனால்தான் அவர் காலை இழுத்து நடக்க ஆரம்பித்ததும் யாருக்கும் வேறு காரணம் தேடத் தோன்றவில்லை. "அண்ணன் பழையபடி ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரித்தார்கள். காலண்டர் சீசன் நேரம், முதலாளி வேறு ஆள் பார்க்கத் தொடங்கினார். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மனைவியை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். அவரும் கணவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. தாளைக் காட்டும்போது அவருக்கு மிக அருகில் நின்றேன். மை வாசனைதான் வந்தது. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அண்ணன் எங்கயும் விழுந்தாராக்கா?"

"மூணு வாரம் முன்னாடி ஆமத்தூர்கிட்ட வண்டி சறுக்கி விழுந்தாரு. தலை லேசா வீங்குச்சு, ரத்தங்கூட வரல. குடிகார மனுசனுக்கு நீ வக்காலத்து வாங்காத."

"வாடையே இல்லக்கா. நீங்க கிட்டப் போய்ப் பாத்தீகளா?"

அக்கா எழுந்து, உள்ளே படுத்திருந்த அண்ணனின் வாயருகே குனிந்து முகர்ந்தார். மறுநாள் காலை மூவருமாக விருதுநகருக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம்.

விழுந்த அன்று கசிந்த ரத்தம், மூன்று வாரமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்து, மண்டையோட்டுக்கு அடியில் மூளையை அமுக்கிக்கொண்டிருந்தது. அன்றே மதுரைக்குக் கொண்டுபோனோம். கையெழுத்து வாங்க வந்த அறுவை மருத்துவரிடம் அக்கா ஒன்றுதான் கேட்டார்: "பேச்சு வருமா சார்?"

"பெரும்பாலும் நல்லாத் தேறிருவாங்கம்மா. ஆனா ரத்தம் மறுபடி சேரவும் வாய்ப்பிருக்கு. அதையும் தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மண்டையோட்டில் இரண்டு துளை போட்டார்கள். பழைய இன்ஜின் ஆயில் போலக் கறுத்த ரத்தம் வந்ததாம். பத்தாம் நாள், மருத்துவர் சொன்னபடியே மறுபடி சேர்ந்தது; அதே துளை வழியாக எடுத்தார்கள். அதன்பிறகு சேரவில்லை.

இப்போது அண்ணன் பழையபடி மிஷினில் நிற்கிறார். இடது கை விரல்கள் கொஞ்சம் மந்தம். தாள் அடுக்கும்போது தெரியும். கண் அதே கண்தான். நான் நீட்டும் தாளில் நான் பார்க்காத பிழையைக் காட்டுகிறார். ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் என் கண்முன்னால் வருவது முதல் அறுவைக்கு மறுநாள்தான். தலையில் கட்டோடு படுத்திருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடிச்சிருக்கீகன்னுதான் நெனச்சேன்" என்று அழுதார்.

அண்ணன் ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் புள்ள. எங்க குடிச்சேன், எப்பக் குடிச்சேன்னு தெனமும் ரோசிச்சுப் பாத்தேன். வண்டிப் பெட்டியில பாட்டில் இருக்கான்னுகூடத் தேடுனேன்."