முதல் கறவை

புதுச்சேரியில் நான் குடியிருக்கும் சாரம் பகுதியில் குழாய் போடத் தோண்டி மூடாமல் விட்ட தெருவில் வண்டி சறுக்கி முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளினிக்கில் நர்ஸ் பஞ்சைப் பழுப்பு மருந்தில் நனைத்துக்கொண்டு வந்தாள். அயோடின். காலில் எரிச்சல் தொடங்கும் முன்பே வாசனை மூக்கில் ஏறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "வலிக்குதா மேடம்?" என்றாள். வலி இல்லை, கோபம். போன வருஷத்துக் கோபம். முதலியார்பேட்டையில் என் அக்காவின் மாட்டுக்கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தேன். ஒரு துண்டுப் பஞ்சில் ஏறி என்னைத் தேடி வந்துவிட்டது.

சாரத்தில் என் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. சிமென்ட் தூசியில் மூச்சுவிட முடியாமல் அக்கா வீட்டில் போய்த் தங்கினேன். மூடிக்கிடக்கும் மில்லின் மதிலை ஒட்டிய சந்து. மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் இரைச்சல், இந்தப் பக்கம் தவிட்டுத் தண்ணீரை மாடு உறிஞ்சும் சத்தம். சில வீடுகளில் கறவை மாடு இருந்தது. எல்லா வீட்டுக்கும் கறக்க வருபவர் ஒருவர்தான். விடியும் நேரத்தில் மொபெட்டில் வருவார், தோளில் ஈரத் துண்டு, ஹாண்டிலில் வாளி. முதலில் அக்கா வீடு, அடுத்தது பக்கத்து வீடு, பிறகு மற்றவர்கள்.

இந்த வரிசையை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதனாலேயே அதை மாற்ற முடியாது. அந்தச் சந்தில் முதன்முதலாக மாடு கட்டியவள் என் அக்கா. அத்தான் போன பிறகு அவளை நிற்கவைத்ததும் அந்த மாடுதான். வெள்ளிக்கிழமை தோறும் சந்துமுனை அம்மனுக்குச் சந்தின் முதல் கறவைப் பாலில்தான் அபிஷேகம். சொம்பை ஏந்திக்கொண்டு அக்கா நடந்து போகும்போது பார்க்க வேண்டும். வாழ்க்கை முழுக்க எதிலும் முதலாக நிற்காத ஒருத்தி அந்த இருபதடி தூரம் மட்டும் ராணியாக நடப்பாள். எனக்கு அது பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கால்நடைக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காக ஒரு பெண் வந்தாள். மாட்டு மடியில் வெளியே தெரியாமல் இருக்கும் நோயைப் பற்றிய ஆராய்ச்சி. டவுனுக்குள் கட்டியிருக்கும் மாடுகளில் அது எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுக்கலாம் என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் நான்கு குழிகள் உள்ள வெள்ளைத் தட்டு. அக்காவின் கறுப்புப் பசுவின் ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒவ்வொரு குழியில் கொஞ்சம் பால் பீச்சி, ஊதா நிறத் திரவத்தை ஊற்றி, தட்டை மெல்ல வட்டமாக ஆட்டினாள். மூன்று குழிகளில் பால் தண்ணீராக ஓடியது. நான்காவது குழியில் ஓடவில்லை. நடுவில் கூம்பி, முட்டையின் வெள்ளைக்கருவைப்போல இழுபட்டது.

"பின்னாடி இடது காம்புல நோய் இருக்கும்மா," என்றாள் அந்தப் பெண். "மாடு நல்லா தின்னும், பாலும் வெள்ளையாத்தான் வரும். வெளியில தெரியாது."

"உங்க சோப்புத்தண்ணிய எதுல ஊத்துனாலும் கெட்டியாத்தான் ஆவும் டாக்டரம்மா," என்றாள் அக்கா.

"மீதி மூணும் ஆவலியேம்மா."

அக்கா மாட்டின் முதுகில் இல்லாத ஈயை விரட்டினாள்.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். கறக்கும் முன் கையையும் மடியையும் கழுவ வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி. முதல் பீச்சலைத் தரையில் விடக் கூடாது. கறந்து முடித்ததும் காம்பை அயோடின் மருந்தில் முக்கி எடுக்க வேண்டும். காம்பின் வாய் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், அதனால் உடனே படுக்க விடாமல் தீனி போட்டு நிறுத்தி வைக்க வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் அந்தப் பெண் சொன்னாள்: "முக்கியமா, நோய் இருக்கற மாட்டைக் கடைசியாத்தான் கறக்கணும். கறக்கறவர் கைவழியா அடுத்த மாட்டுக்குப் போயிடும். அவர் உங்க வீட்டுக்குக் கடைசியா வரட்டும்மா."

தலையாட்டல் நின்றது.

அதே நேரத்தில் இரண்டு கொட்டகைக்கும் நடுவில் இருந்த மதிலுக்கு மேலே ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி. நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். அவளுடைய செவலைப் பசு அப்போதுதான் தலையீத்தாக முதல் கன்றை ஈன்றிருந்தது. அதைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "பெரியக்கா! எங்க பாப்பாவுக்கு ஒண்ணுமில்லியாம்! நாலும் தண்ணியா ஓடுச்சு! உங்களுது?"

"எங்களுதுக்கு இன்னா கேடு," என்றாள் அக்கா.

நான் ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் பிடித்து நிறுத்திக் கேட்டேன்: "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்ல மாட்டீங்களா?"

"ஒரு வீட்டு ரிசல்ட்டை இன்னொரு வீட்ல சொல்லக் கூடாது மேடம். அப்படிச் சொன்னா நாளைக்கு யாருமே மாட்டைத் தொட விட மாட்டாங்க. நீங்க அம்மாவைச் சொல்ல வைங்க."

சொல்ல வைங்க. என் அக்காவை! மதில் பேசினாலும் அவள் பேச மாட்டாள்.

அன்று முழுக்க நான் கத்தினேன். கொட்டகையில் கத்தினேன், அடுப்படியில் கத்தினேன். "அவ மாடு புது மாடுக்கா. அவ ரெண்டு பொண்ணும் அந்தப் பால்லதான் படிக்குது. கொஞ்ச நாளைக்குக் கடைசியா கறந்தா உன் கிரீடம் கீழ வுழுந்துடுமா?"

"மொத கறவை எங்க வீட்டுது. சாமிக்குப் போற பாலு."

"சாமிக்கு நோய்ப்பாலா ஊத்துவ?"

"எது நோயின்னு சாமிக்குத் தெரியும். உனக்குக் கவிதைதான் தெரியும், மாடு தெரியாது. போய் எழுதுடி."

எழுதவில்லை. மறுநாள் விடிகாலையில் வாசலில் நின்று மொபெட்டை மறித்தேன். கறப்பவர் என்ஜினை அணைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னைக்குப் பக்கத்து வீட்டுக்கு மொதல்ல போங்க."

"பெரியம்மா சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

"நீங்க வூட்டுக்கு மாடி கட்டி முடிச்சதும் சாரத்துக்குப் போயிடுவீங்கம்மா. நான் தெனம் இந்தச் சந்துல வரணும்," என்று சிரித்தார். "ரெண்டு பொம்பளைங்க சண்டைக்கு நடுவுல நுழைஞ்சா எனக்குத்தான் கொம்பு குத்தும். மாடாவது சொல்லிட்டுக் குத்தும்." வாளியை எடுத்துக்கொண்டு அக்காவின் கொட்டகைக்குள் போனார். அதே ஈரத் துண்டால் கறுப்புப் பசுவின் மடியைத் துடைத்தார். அதே துண்டு மதிலைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கொட்டகைக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நோய் நடந்து போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரு மனிதரின் தோளில் சாதுவாகத் தொங்கிக்கொண்டு போகும்.

அன்றே பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் உடைத்துச் சொல்லிவிட்டேன். எங்கள் மாட்டுக்கு மடியில் நோய் இருக்கிறது, நாளையிலிருந்து உன் மாட்டை முதலில் கறக்கச் சொல் என்று. அவள் மிரண்டு போவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கடைக்குக் கிளம்பப் பின்னலில் பூ வைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"பெரியக்காவுக்கு முன்னாடி என் வூட்டுலியா? வேணாம் சின்னக்கா."

"உன் மாடு கெட்டுப்போவும்டி!"

"நாளைக்கு அவங்க மாட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இவ மொத கறவையப் புடுங்குனா, கண்ணு பட்டுதுன்னு சந்தே பேசும். நான் இங்கதான இருக்கணும்? அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். உடனே மாத்திக்கிறேன். நீங்க சொல்லி நான் மாத்துனா நான் பொல்லாதவ ஆயிடுவேன்."

ஒரே ஒரு வார்த்தை. என் அக்காவின் வாயிலிருந்து. அதற்காக ஒரு மாட்டின் மடி காத்துக்கொண்டிருந்தது.

ஆராய்ச்சிப் பெண் எல்லா வீடுகளுக்கும் அயோடின் பாட்டில் கொடுத்திருந்தாள். சில நாள் முக்கினார்கள். சந்து முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. பிறகு பால் வாங்குபவர்கள், பாலில் டிஞ்சர் வாசனை வருகிறது என்றார்கள். காம்பை நன்றாகத் துடைத்துவிட்டுக் கறந்தால் வராது. யார் துடைப்பது? ஒவ்வொரு வீடாகப் பாட்டிலை மூடி வைத்தார்கள். அக்கா வீட்டில் அது சாமி படத்துக்குக் கீழே விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடித்தேன்.

பிறகு ஒரு காலை பக்கத்துக் கொட்டகையிலிருந்து அலறல். பாப்பா கறக்க விடாமல் உதைத்துக்கொண்டிருந்தது. மடியில் ஒரு பக்கம் வீங்கிச் சிவந்து, தொட்டால் அடுப்புக் கல்லாகக் கொதித்தது. பீச்சினால் பால் வரவில்லை, திரிதிரியாக, இளஞ்சிவப்பாக ஏதோ வந்தது. மருத்துவர் வந்து ஊசி போட்டார், காம்புக்குள் மருந்து ஏற்றினார். ஆராய்ச்சிப் பெண் வந்து பார்த்துவிட்டு, இரண்டு மாட்டுப் பாலையும் சோதனைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து என்னிடமும் அக்காவிடமும் சொன்னாள்: "ரெண்டுலயும் ஒரே கிருமிதான். இங்கேருந்துதான் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்." அடித்துச் சொல்லாத அந்த நேர்மையை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அக்கா சும்மா இருக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அம்மியில் அரைத்தாள். கை தோல் உரிய அரைத்தாள். பக்கத்துக் கொட்டகையில் மணைபோட்டு உட்கார்ந்து அந்த மடிக்குத் தன் கையால் பூசினாள். ஒருநாள் இல்லை, தினமும், பொழுதுக்கும். மாடு உதைத்து முழங்கை வீங்கியும் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பூசினாள். எல்லாம் செய்தாள், அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

"பெரியக்கா இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சொல்லும்போது அக்காவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இடைவெளி விட்டாள். அந்த இடைவெளியில் ஒரு வாக்கியம் சௌகரியமாக உட்காரலாம். அக்கா குனிந்து இன்னும் கொஞ்சம் மஞ்சள் எடுத்தாள்.

வீக்கம் வற்றியது. அந்தக் காம்பும் வற்றிப்போயிற்று. இனி அந்த ஈத்தில் அதில் பால் இல்லை, அடுத்த ஈத்திலும் சந்தேகம் என்றார் மருத்துவர். தலையீத்திலேயே மூன்று காம்பு மாடாகிவிட்டது பாப்பா. சந்தில் எல்லோரும் வந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். திருஷ்டி என்றார்கள், வெயில் என்றார்கள். வரிசை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு இவ்வளவு பேர் வாயை மூடிக்கொள்ள முடியுமென்றால் அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் கால்வாயில் கொட்ட வேண்டும்.

நான் சாரத்துக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அக்கா கறப்பவரைக் கூப்பிட்டாள். சந்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "நாளையிலேருந்து எங்க வூட்டுக்குக் கடைசியா வாப்பா. விடியக்காலப் பனி எனக்கு ஒத்துக்கல." அவர் "சரிம்மா" என்றார். பனியாம். புதுச்சேரியில், பங்குனி மாதத்தில். யாரும் சிரிக்கவில்லை. கறுப்புப் பசுவுக்கு வைத்தியமும் தொடங்கினாள். மருந்து ஏற்றிய நாட்களில் பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். சாமிக்கு வேறொரு வீட்டிலிருந்து சொம்பு போனது. எல்லாம் சரியாக நடந்தது. எல்லாவற்றையும் செய்யத் தெரிந்திருந்தது அவளுக்கு, முன்பே.

காலையில் பையை வண்டியில் மாட்டினேன். அக்கா தூக்கில் பாலோடு வாசலுக்கு வந்தாள்.

"பக்கத்து வூட்டுப் பாலுதான். எடுத்துனு போ."

"வேணாம்."

"இன்னும் கோவமா?"

"ஆமா."

மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வைக்கும் சத்தம். அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இப்பப் போய் அவகிட்டச் சொன்னா செத்த காம்புல பால் வந்துடுமாடி?"

"வராது. ஆனாலும் போய்ச் சொல்லு. சொன்ன அன்னிக்கு நான் வரேன்."