பக்கத்து நாற்காலியில் இருந்தவள்

பள்ளி வேன் ஓட்டுகிற அவளைப் பிள்ளைகள் வேனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. பின்சீட்டில் தூங்குகிற பிள்ளை விழித்துவிடாதபடி பிரேக் போடுவாள். வழியில் எவன் குறுக்கே புகுந்தாலும் வாய்க்குள்ளேயே திட்டிக்கொள்வாள்.

மார்பில் இருந்த புற்றுக்கட்டியை அறுத்து எடுத்துக் கண்டம் தாண்டி வந்த பிறகு மாதவிலக்கு நின்றது. சூடு ஆரம்பித்தது. சிக்னலில் நிற்கும்போது நெஞ்சிலிருந்து குபீரென்று ஒரு அனல் கிளம்பிக் காதுவரை ஏறும். முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் மழையில் கண்ணாடியை இறக்கிவிட்டாள். "வேனம்மா, நாங்க நனையுறோம்" என்று பிள்ளைகள் கத்தின. வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா தன் துண்டால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

"இப்படியே விட்டா எப்படிக்கா? நாளைக்கு நான் கூட வர்றேன், டாக்டரப் பார்ப்போம்."

வேனம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. வீட்டுக்காரரிடம் வெட்கப்பட்டுச் சொல்லாததைக்கூட ஆயாவிடம் சொல்லுவாள். அறுவை சிகிச்சையின்போது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவளும் அவள்தான்.

டாக்டரம்மா இருவரையும் அருகருகே உட்காரவைத்துப் பேசினார். "உங்களுக்கு அந்தக் கட்டி இருந்ததால ஹார்மோன் மாத்திரை கூடாது. ஹார்மோன் இல்லாத வேற ஒண்ணு தர்றேன். மனச்சோர்வுக்குக் குடுக்கிற மாத்திரைதான் இது. கொஞ்ச அளவுல சாப்பிட்டா இந்தச் சூட்டையும் அடக்கும். உங்களுக்கு மனசுல ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. ஆரம்பத்துல தூக்கக் கலக்கம் வருதான்னு பாருங்க. அதுவரைக்கும் வண்டி எடுக்க வேணாம்."

"நான் பார்த்துக்கறேன் டாக்டர்" என்றாள் ஆயா.

வேனம்மா லீவு போட்டாள். கலக்கம் ஒன்றும் வரவில்லை. சூடு மெல்ல மெல்லத் தணிந்தது. அனல் வருவது நிற்கவில்லை, ஆனால் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. டாக்டரம்மாவும் வண்டி ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, புதுத் தெம்போடு வேன் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். அவள் வண்டியில் வேறொருவன் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஆயாவின் மருமகன்.

முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பிள்ளைங்க விஷயம்மா. மனநோய் மாத்திரை சாப்பிடுறவங்ககிட்ட எப்படி வண்டியக் குடுக்கறது?"

"யாரு சொன்னா?"

"உன் கூடவே இருக்கிறவ சொல்லும்போது நம்பாம என்ன பண்றது? டாக்டர் சொன்னதக் காதால கேட்டேங்கறா."

வேனம்மா போய்ச் சொன்னதும் டாக்டரம்மா அன்றே முதலாளிக்குப் போன் செய்து விளக்கினார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு வேனம்மாவிடம் சொன்னார்: "அவங்க சொல்றது சரிதாம்மா. ஆனா பெத்தவங்க காதுக்கு விஷயம் போயிடுச்சு. ஊர் வாய்க்கு டாக்டர் மருந்து குடுக்க முடியுமா?"

வேனம்மா நேராக ஆயாவின் வீட்டுக்குப் போனாள். ஆயா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தியே. அது எதுக்கு மாத்திரைன்னு உனக்குத் தெரியாதா?"

ஆயா கையிலிருந்த சட்டையை உதறினாள். "நான் பொய் சொல்லலையேக்கா. மனச்சோர்வுக்குக் குடுக்கிறதுதான்னு டாக்டரே சொன்னாங்க."

"சூட்டுக்குன்னும் சொன்னாங்க."

ஆயா இன்னொரு துணியை எடுத்துக் கொடியில் மாட்டினாள். "வேலை இல்லாத மாப்பிள்ளை வீட்டுல கெடந்தா என் பொண்ணு எப்படிக்கா வாழுவா? உங்களுக்குன்னா வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரு."

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் வேனம்மா திட்டித் தீர்த்திருப்பாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாந்தி எடுத்தபோது தன் தலையைத் தாங்கிப் பிடித்த கைகள் இவை. அந்தக் கைகளையே பார்த்தாள். அன்று செய்ததும் மனதோடு செய்ததுதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. வேலை போனதைவிட அதுதான் அவளை அறுத்தது.

"பள்ளிக்கூட வாசல்ல நின்னு நடந்ததச் சொல்லும்மா" என்றாள் வேனம்மாவின் மகள். "என் உடம்பப் பத்தி ஊரு பேசினது போதும்" என்று வேனம்மா மறுத்துவிட்டாள்.

சில மாதம் கழித்து ஒரு மரச்சாமான் கடையில் லாரி ஓட்ட ஆள் தேடினார்கள். கடைக்காரர் கேட்பதற்கு முன்பே கட்டி, சூடு, மாத்திரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் காதைச் சொறிந்துகொண்டார். "வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்கல்ல?"

"சொல்லிட்டாங்க."

சாவியை நீட்டினார்.

வேலை பிடித்துத்தான் இருந்தது. பெரிய வண்டி, கட்டில், பீரோ என்று பாரம், பின்னால் சத்தமே இல்லை. மாத்திரையும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கடையில் நாற்காலிக்கு மெருகு போடுகிற பெண் கலகலவென்று பேசுவாள். ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள்.

"வாங்கக்கா, சேர்ந்து சாப்பிடலாம்."

"நான் சாப்பிட்டாச்சும்மா" என்றாள் வேனம்மா. சாப்பிட்டிருக்கவில்லை. லாரியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் டப்பாவை வைத்துத் திறந்தாள்.