அரசர் கொடுத்த முப்பது நாள்

காலை பத்து இருபது. எங்கள் ரயிலை வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு கப்பல் நைபோர்க் துறையை விட்டுப் புறப்படுகிறது. கோப்பன்ஹேகனில் ஒரு கலியாணத்துக்குப் போகிறோம். மேல்தளச் சிற்றுண்டிச்சாலையில் என் எதிரே யேசுதாசன். அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கும். தகப்பனுக்குச் சட்டம் தரும் இரண்டு கிழமை லீவுக்கான படிவத்தை நாலு நாளாக நிரப்பாமல் வைத்திருக்கிறான்.

"குடுத்தால் எங்கட பெடியள் பகிடி பண்ணுவாங்கள், அண்ணை. பெத்தது நீயோ எண்டு கேப்பாங்கள்."

"ஓம் எண்டு சொல்லு."

பக்கத்து மேசையில் ஒரு கொரியப் பெண், கோப்பன்ஹேகனில் தாதியாம். படிவத்தைக் கண்டு டேனிஷில் விசாரிக்கிறார். விஷயம் தெரிந்ததும் நிமிர்ந்து உட்காருகிறார்.

"எங்களுக்கு எழுத்து ஆக்கித் தந்த அரசர், ஐந்நூறு வருடத்துக்கு முன்பே, பிள்ளை பெற்ற அடிமைப் பெண்களுக்கு நூறு நாள் லீவு கொடுத்தார். அவர்களைப் பார்க்க ஆள் வேண்டுமென்று கணவன்மாருக்கும் முப்பது நாள் கொடுத்தார்."

சொந்தத் தகப்பனைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறார். யேசுதாசனுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"அடிமைக்கே முப்பதோ! நான் பதினாலு கேக்க வெக்கப்படுறன்."

என் பேனாவை வாங்குகிறான். உறவுமுறை கேட்கும் கட்டத்தில் 'தகப்பன்' என்பதற்கான டேனிஷ் சொல்லைப் பெரிதாக எழுதுகிறான். எழுத்து கட்டத்தைத் தாண்டிவிடுகிறது. நான் திருத்தச் சொல்லவில்லை.