கடல் கிடந்த பாறையில் ஒரு குழி

கொல்லிமலைக்கு நான் முதல் தடவை போனபோது எனக்கு வயது இருபத்தாறு. மண்டைக்கனம் மட்டும் அறுபது வயதுக்காரனுக்கு இருக்க வேண்டிய அளவு இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். சென்னையில் ஒரு கல்லூரியில் நிலவியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தற்காலிக வேலை, எந்த நாளும் போகலாம். அந்த மலையின் கறுப்புக் கல் பூமிக்குள் உருகி மேலே வந்தது என்பார் என் பேராசிரியர். இல்லை, ஆதிக் கடலின் அடியில் இரும்பும் வெள்ளைக் கல்லும் மாறி மாறிப் படிந்து இறுகியது என்பது என் கட்சி. கட்சி கட்டினால் போதுமா? காட்ட வேண்டாமா? வெயிலும் மழையும் படாத கல்லை வெட்டி எடுத்து அவர் மேஜைமேல் வைக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு உப்பும் கருவாடும் வாங்க இறங்கியிருந்த மலைக்காரர் ஒருவர் என் மூட்டையைத் தூக்க ஒப்புக்கொண்டார். முப்பது வயதிருக்கும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதை. எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவரோ என் சுத்தியல், உளி, படுக்கை எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு பேசியபடியே ஏறினார். பேச்செல்லாம் மனைவியைப் பற்றி. இரண்டு தடவை கரு உண்டாகி இரண்டும் நாலைந்து மாதத்தில் கலைந்துவிட்டன. ஓடை பள்ளத்தில், வீடு மேட்டில். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், நாளைக்கு நாலு நடை. இப்போது மறுபடி இரண்டு மாதம்.

"ஊட்டுப் பக்கத்துல தண்ணி கண்டுட்டா இந்தப் புள்ளையாச்சும் தங்கிருமுங்க சாமி" என்றார்.

"நீ போய் எடுத்து வரக்கூடாதாப்பா?"

சிரித்துவிட்டார். "ஆம்பள கொடம் தூக்குனா ஊரே சிரிக்குமுங்க. எங்க நாட்டுல அந்தப் பழக்கமே இல்லீங்க."

சில ஊர்கள் சேர்ந்ததை அங்கே நாடு என்பார்கள்; குண்டனி நாட்டில் அவருடைய ஊர் பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான். அவர் வீட்டுக்குப் பின்னாலேயே நான் தேடி வந்த பாறை கிடந்தது. மேலே துருப்பிடித்துச் சிவந்து, விளிம்பில் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திசைகாட்டியை எடுத்துப் பாறைமேல் வைத்தேன். கல்லில் இரும்பு இருக்கிறதே, முள் வடக்கை மறந்துவிட்டுத் தடுமாறிச் சுற்றியது. அவர் குனிந்து பார்த்தார். மலைக்குக் கீழே தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களை அவர் சந்தையில் பார்த்திருக்கிறார். தேங்காய் எழுந்து நின்றால் அங்கே தண்ணீர்.

"ஏனுங்க சாமி, நீரோட்டம் பாக்கறீங்களா?"

"இந்த இடம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்ததப்பா" என்றேன். அது மட்டும் உண்மை.

"அப்ப அடியில தண்ணி இருக்குமுங்களா?"

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இல்லை என்று ஒரு வார்த்தை. அந்தக் கல்லுக்குள் சொட்டுத் தண்ணீர் நிற்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு ஒரு குழி வேண்டும். என் மெட்ராஸ் கைக்கு அந்தப் பாறை மசியாது. "இருந்தாலும் இருக்கும். தோண்டினால்தானே தெரியும்" என்றேன்.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். உளி வைத்தால் உளிதான் மழுங்கியது. அப்படிப்பட்ட கல்லுக்கு அவர்களிடம் ஒரு வழி உண்டு. பாறைமேல் விறகை அடுக்கிக் கொளுத்துவார்கள். அரைநாள் எரிந்து கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீரைக் கொட்டுவார்கள். படீரென்று வெடிக்கும். விரிசலில் கடப்பாரையைப் போட்டு நெம்பினால் ஒரு சாண், இரண்டு சாண் பெயரும். மறுபடி விறகு, மறுபடி நெருப்பு. ஒரு தடவைக்கு நாலு குடம் தண்ணீர்.

அந்த நாலு குடத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்கிறீர்களா? அவர் மனைவிதான். வழக்கமான நாலு நடைக்குமேல் இரண்டு நடை. இதைப் பார்த்துக்கொண்டே ஒன்பது நாள் அங்கே உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். நானாவது ஒரு குடத்தைத் தூக்கினேனா? தூக்கவில்லை. ஆண்பிள்ளைச் சிங்கங்கள் இரண்டு பேர் குழியோரம் நின்று, அவள் வரவில்லையே என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பதாம் நாள் இடுப்பளவு ஆழத்தில் கல் புத்தம் புதிதாக வந்தது. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, தாள் அடுக்கினாற்போல. நான் குதித்த குதியில் அவரும் சிரித்தார். அவள் குடத்தை இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி தெரியுதுங்களா?" என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கல் மூட்டையைக் கீழே யார் சுமப்பது? "இன்னும் ஆழம் போக வேண்டும்" என்றேன். மூட்டையை அவரே காரவள்ளி வரைக்கும் சுமந்து வந்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

பேராசிரியர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதினார். மூன்று மாதம் கழித்து மறுபடி கொல்லிமலைக்குப் போனேன். உண்மையைச் சொல்லப் போனேன் என்று எழுத ஆசைதான். பொய். இன்னும் கல் வேண்டியிருந்தது.

ஊருக்குக் கீழே பாதையில் அவளைப் பார்த்தேன். ஓடையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வயிறு ஒட்டியிருந்தது.

"வாங்க சாமி. ரெண்டு ஆள் ஆழம் ஆயிருச்சுங்க" என்றாள். நான் எங்கே பார்க்கிறேன் என்பதைக் கவனித்துவிட்டு, "போன மாசம் கலைஞ்சிருச்சுங்க" என்றாள், குடத்தைச் சரிசெய்தபடி.

"அப்புறம் எதற்கம்மா இன்னும் தோண்டுவது?"

"அடுத்ததுக்காவது ஆவட்டும்னு அவரு நிறுத்த மாட்டேங்கறாருங்க."

பாழாய்ப்போன என் நாக்கு அப்போதுதான் அசைந்தது. குழியோரம் போய்க் குனிந்து, "ஏறி வாப்பா. தண்ணீர் வராது. எனக்கு முதல் நாளே தெரியும். என் கல்லுக்காகத்தான் உன்னைத் தோண்டவிட்டேன்" என்றேன். கடப்பாரை என் மேல் பறந்து வரும் என்று நின்றேன். வந்திருந்தால் நன்றாயிருக்கும்.

அவர் உள்ளேயிருந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். கரியும் வியர்வையுமான முகம். "விளையாடாதீங்க சாமி. இங்க பாருங்க, நேத்திலிருந்து ஈரம் காணுது!" என்று ஒரு பிடி கல்பொடியை அள்ளிக் காட்டினார். நனைந்து கறுத்திருந்தது.

நேற்று அவள் கொட்டிய தண்ணீர் அது. குழந்தைக்குக்கூடப் புரியும், அவருக்குப் புரியாதா? ஆனால் நான் சொன்னதை நம்பினால், அந்தப் பிள்ளை எதனால் போயிற்று என்பதையும் நம்பவேண்டி வரும். எந்த அப்பன் நம்புவான்?

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். குழிக்குள் கேட்காத குரலில், "மொத நாளே தெரியுமுங்களா?" என்றாள்.

"தெரியும்."

குழிக்குள் அவரை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டு குடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சூட்டுக் கல்லுக்கென்று குழியோரம் இருந்த தொட்டியில் ஊற்றிவிட்டு, மீதி இரண்டு குடத்துக்காக ஓடைக்கு இறங்கிப் போனாள்.